ஒரே ஒரு பதவி உயர்வு: ஷாத்தோ மூதோன் ரோத்ஷில்ட், 1855–1973

1973ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், பிரான்சின் வேளாண் அமைச்சராக இருந்த ஜாக் சிராக் ஓர் அரசாணையில் கையெழுத்திட்டார். போர்தோ நகருக்கு வடக்கே, மெதோக் பகுதியில், போயாக் என்னும் ஊரை ஒட்டியிருக்கும் ஷாத்தோ மூதோன் ரோத்ஷில்ட் தோட்டத்தின் சிவப்பு ஒயினை இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தியது அந்த ஆணை. 1855இல் வகுக்கப்பட்ட தரவரிசையில் ஒரு தோட்டம் ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு ஏறியது அதற்கு முன்பு நடந்ததில்லை. அதன் பின்பு இன்றுவரை நடக்கவும் இல்லை.

நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளாக எவராலும் அசைக்க முடியாத ஒரு பட்டியல் ஒரு தோட்டத்துக்காக மட்டும் ஏன் அசைந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பம் அமைச்சரைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டது என்று சுருக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. தரம் தானாகவே வென்றது என்று தோட்டத்தின் அன்பர்கள் சொல்வார்கள். இரண்டு விளக்கங்களும் நடந்ததை முழுமையாகத் தொடவில்லை என்பது என் கருத்து. 1855இன் பட்டியல் எதை அளந்தது, அந்த அளவு எங்கே, யார் கையில் உருவானது, அதை ஐம்பது ஆண்டுகளில் தோட்டத்தின் உரிமையாளர் பாரன் (பிரபுப் பட்டம்) ஃபிலிப் டி ரோத்ஷில்ட் எப்படித் தம் கைக்குக் கொண்டுவந்தார் என்பவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் 1973இன் ஆணை விளங்கும்.

பட்டியல் அளந்தது எதை?

1855இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி பிரான்சின் சிறந்த விளைபொருள்களைத் திரட்டியது. போர்தோவின் ஒயின்களையும் அங்கே வைக்க வேண்டியிருந்தது. போர்தோ வர்த்தகச் சங்கம் அந்நகரின் ஒயின் தரகர்களிடம் ஒரு பட்டியல் கேட்டது. தரகர்கள் 1855 ஏப்ரல் 18 என்று நாளிட்டு அதை அனுப்பிவைத்தார்கள். சிவப்பு ஒயின் தரும் ஏறத்தாழ அறுபது தோட்டங்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் தரத்தில் நான்கு பெயர்கள் மட்டுமே இருந்தன: லஃபீத், மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன். இவற்றில் ஓ-பிரியோன் மட்டும் மெதோக்குக்கு வெளியே, போர்தோ நகரத்தின் விளிம்பில், கிராவ் பகுதியில் உள்ளது. இரண்டாம் தரத்தின் தலைமாட்டில் மூதோனின் பெயர் இருந்தது.

இந்தப் பட்டியலுக்காக எவரும் ஒயினைச் சுவைத்து மதிப்பெண் போடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தரகர்களிடம் பல பத்தாண்டுகளின் விற்பனைக் கணக்கு இருந்தது. எந்தத் தோட்டத்தின் ஒயின் வழக்கமாக என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த விலையையே தரமாக எழுதிக் கொடுத்தார்கள். 900 லிட்டர் கொண்ட ஒரு தொன்னோ அளவுக்கு முதல் தரம் சுமார் 3000 பிராங்க் பெறும். இரண்டாம் தரம் 2500 முதல் 2700 பிராங்க் வரை பெறும். மூதோன் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் கீழ்க்கரையில் நின்றது. அவ்வளவுதான் விஷயம். தரகர்கள் மூதோனை வஞ்சித்துவிட்டார்கள் என்று பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டுக்கு அந்தக் கணக்கேட்டில் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அன்றைய சந்தை சொன்னதை அவர்கள் நேர்மையாகவே எழுதினார்கள்.

ஆனால் அன்றைய சந்தை ஏன் அப்படிச் சொன்னது என்பது வேறு கேள்வி. மூதோனுக்கும் லஃபீத்துக்கும் நடுவே வேலி மட்டும்தான். இரண்டும் கழிமுகத்தை நோக்கிய, ஆழமான சரளைக்கல் மேடுகளில் பரந்திருக்கின்றன. அந்தக் கற்கள் மழைநீரைத் தங்கவிடாமல் கீழே இறக்கிவிடும்; பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கொடிக்குத் திருப்பித் தரும்; ஊட்டம் குறைந்த மண் என்பதால் வேர் நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். சிறிய, தடித்த தோலுடைய, தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் பிரான்சில் அரிது. மூதோனின் கொடிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த வகைதான். எஞ்சியதில் மெர்லோவும் சிறிதளவு கபெர்னே ஃபிரானும் இன்னும் சிறிதளவு பெத்தி வெர்தோவும் உண்டு. நல்ல ஆண்டில் பிறந்த மூதோன் இளமையில் கரிய நிறமும் கடுமையான துவர்ப்பும் கொண்டிருக்கும். பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துத் திறந்தால் காசிஸ் என்னும் கருந்திராட்சை போன்ற சிறு பழமும், பென்சில் சீவிய தூளும், தேவதாரு மரமும், வறுத்த காப்பியும் ஒன்றன்பின் ஒன்றாக மணக்கும். துவர்ப்பு நாக்கைப் பிடிக்காமல் பட்டாகிவிடும். இப்படிப்பட்ட நிலத்தின் ஒயின் 1855இல் முந்நூறு பிராங்க் அளவில் பின்தங்கியிருந்ததற்கு மண் காரணமாக இருக்க முடியாது.

தோட்டத்தின் அன்றைய நிலை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிரான் குடும்பத்தின் கையிலிருந்து பாரிஸ் வங்கியாளர் ஐசக் தியூரேயிடம் போய், அவரிடமிருந்து 1853 மே மாதம் 11,25,000 பிராங்க்குக்கு ரோத்ஷில்ட் குடும்பத்தின் லண்டன் கிளையைச் சேர்ந்த நத்தானியேலிடம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே மாளிகை என்று சொல்லத்தக்க கட்டடமும் அப்போது இல்லை. திராட்சைக் கொடியைத் தாக்கும் சாம்பல் நோய் போர்தோ முழுவதையும் அலைக்கழித்த காலம் வேறு. நத்தானியேல் தம் பெயரைத் தோட்டத்துக்குச் சூட்டினார். அவரும் அவருக்குப் பின் வந்த இரண்டு தலைமுறையும் அதைச் சொத்தாக வைத்திருந்தார்களே தவிர, அங்கே வாழவில்லை. 1868இல் அதே குடும்பத்தின் பாரிஸ் கிளையைச் சேர்ந்த ஜேம்ஸ் டி ரோத்ஷில்ட், பக்கத்துத் தோட்டமான லஃபீத்தை வாங்கினார். அன்றிலிருந்து வேலியின் இரு பக்கமும் ஒரே குலப்பெயர். ஒரு பக்கம் முதல் தரம், மறு பக்கம் இரண்டாம் தரம்.

பீப்பாய் யார் கையில்?

1922இல் இருபது வயது ஃபிலிப் டி ரோத்ஷில்ட் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். தந்தை ஆன்றி மருத்துவர். ஆந்திரே பஸ்கால் என்ற புனைபெயரில் நாடகங்கள் எழுதியவர். திராட்சையில் அவருக்கு ஈடுபாடு இல்லை. முதல் உலகப் போரின்போது பாரிசின் குண்டுவீச்சிலிருந்து காக்க மெதோக்குக்கு அனுப்பப்பட்ட ஃபிலிப்புக்கு அந்த மண் பிடித்துப்போயிற்று. கார்ப் பந்தயம், நாடக அரங்கு, திரைப்படத் தயாரிப்பு, கவிதை மொழிபெயர்ப்பு என்று அவர் கை வைக்காத துறை இல்லை. அவற்றையெல்லாம் இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆனால் நாடக மேடையை அறிந்தவர் என்பது பின்னால் பயன்படும்.

அவர் வந்தபோது ஒயின் வணிகம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. தோட்டக்காரர் திராட்சையைப் பறித்து, நொதிக்கவைத்து, 225 லிட்டர் பீப்பாய்களில் நிரப்பி, சில மாதங்களிலேயே போர்தோ நகரின் ஷார்த்ரோன் கரையிலிருந்த வணிக நிறுவனங்களுக்கு விற்றுவிடுவார். அதன்பின் அந்த ஒயினை இரண்டு ஆண்டுகள் வளர்ப்பதும், பாட்டிலில் அடைப்பதும், தக்கை இடுவதும், லேபிள் ஒட்டுவதும் வணிகரின் வேலை. பீப்பாயிலேயே கப்பலேறி லண்டனிலோ புருசெல்சிலோ பாட்டிலில் அடைபட்டதும் உண்டு. ஒரே தோட்டத்தின் ஒரே ஆண்டு ஒயின், அடைத்தவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்து வெவ்வேறு சுவையில் சந்தைக்கு வரும். மெலிந்த ஆண்டின் ஒயினுக்கு வலுச் சேர்க்க ரோன் பள்ளத்தாக்கின் கனத்த ஒயினைக் கலப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகரிடையே மறைவில்லாத வழக்கமாகவே இருந்தது. குடிப்பவர் காசு கொடுத்தது தோட்டத்தின் பெயருக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்றும் பொறுப்போ தோட்டக்காரர் கையில் இல்லை. ஒயின் இளமையிலேயே கைமாறியதால், அது முதிர்ந்தபின் கிடைத்த லாபமும் அவருக்கு வரவில்லை. 1855இன் தரகர்கள் அளந்த விலை, இந்த ஏற்பாட்டுக்குள் பிறந்த விலை.

1924 அறுவடையின் ஒயின் முழுவதையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைப்பது என்று ஃபிலிப் முடிவு செய்தார். தோட்டத்திலேயே அடைப்பது அதற்கு முன்பும் அங்கங்கே நடந்ததுதான். ஓர் ஆண்டின் விளைச்சல் முழுவதையும், விதிவிலக்கின்றி, ஒவ்வோர் ஆண்டும் அடைப்பது என்பதுதான் புதிது. அதற்கு முதல் தரத்தின் நான்கு தோட்டங்களையும் தம்மோடு சேர்த்துக்கொள்ள அவர் முயன்றார், அவர்களும் இசைந்தார்கள். தரவரிசைப்படி இரண்டாம் தரத்துக்காரர் ஒருவர், முதல் தரத்துக்காரர்களைக் கூட்டி வழி காட்டிய அந்த நாளிலேயே அவரது இடம் என்ன என்பது பாதி தீர்மானமாகிவிட்டது என்பேன்.

முடிவு எடுத்துவிடலாம், பீப்பாய்களை எங்கே வைப்பது? இரண்டு ஆண்டு விளைச்சலை ஒரே சமயத்தில் தோட்டத்தில் வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. அதற்காக 1926இல் கட்டடக் கலைஞர் ஷார்ல் சிக்லி வடிவமைத்த பெரிய பீப்பாய்க் கூடம் எழுந்தது. நூறு மீட்டர் நீளம். குறுக்கே ஒரு தூண்கூட இல்லை. வாசலில் நிற்பவரின் கண்ணுக்கு, தரையோடு தரையாக வரிசையாய்ப் படுத்திருக்கும் ஓக் பீப்பாய்களும், மங்கலான ஒளியில் எதிர்ச்சுவரும் மட்டுமே தெரியும்படி அது அமைந்தது. இங்கேதான் நாடக மேடையை அறிந்த மனிதர் தெரிகிறார். கிடங்கு தேவைப்பட்டது உண்மை. ஆனால் அதை, வந்து பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் இடமாக ஆக்கியது அவரது தனி நோக்கம்.

தோட்டத்திலேயே அடைப்பதற்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. மோசமான ஆண்டின் ஒயினையும் தம் பெயரிலேயே வெளியிட்டாக வேண்டும். பழியை ஏற்க வணிகர் இருக்கமாட்டார். 1930, 1931, 1932 ஆகிய மூன்று அறுவடைகளும் தொடர்ந்து கைவிட்டன. 1930இன் ஒயினுக்கு மூதோன் என்ற பெயரைத் தர ஃபிலிப்புக்கு மனம் வரவில்லை. அதை மூதோன் கதே என்ற வேறு பெயரில், குறைந்த விலையில் வெளியிட்டார். கதே என்பது வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளையைக் குறிக்கும் சொல், ஃபிலிப்பும் கடைக்குட்டி. அது நன்றாக விற்றுப்போகவே, பின்னாளில் போர்தோவின் மற்றப் பகுதிகளிலிருந்து ஒயினை வாங்கிக் கலந்து பெரிய அளவில் விற்கும் வணிகப் பெயராக வளர்ந்தது. தலைமை ஒயினின் பெயரைக் காக்க அவர் கட்டிய மதில் அது. அந்த மதிலே அவருக்கு வருமானமும் ஈட்டித் தந்தது.

1945இன் லேபிள்

போர் அந்தக் குடும்பத்தைச் சிதைத்தது. யூதர் என்பதால், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு ஃபிலிப்பின் குடியுரிமையைப் பறித்தது, தோட்டம் கைப்பற்றப்பட்டது. அவர் ஸ்பெயின் வழியாகத் தப்பிச் சுதந்திரப் பிரான்ஸ் படையில் சேர்ந்தார். அவரது மனைவி எலிசபெத் நாஜிகளால் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1945இல் அங்கேயே இறந்தார். மகள் ஃபிலிப்பீனுக்கு அப்போது பதினொரு வயது.

அந்த ஆண்டின் மே மாதத் தொடக்கத்தில் விழுந்த உறைபனி கொடிகளின் தளிர்களில் பெரும்பகுதியைக் கருக்கிவிட்டது. எஞ்சிய சில குலைகள் வெப்பமும் வறட்சியும் மிகுந்த கோடையில் செறிந்து பழுத்தன. அளவில் மிகக் குறைவாகவும் அடர்த்தியில் மிக அதிகமாகவும் வந்த அந்த 1945 மூதோன், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த போர்தோ ஒயின்களில் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. அதற்கு ஒட்டும் லேபிளின் மேற்பகுதிக்கு ஓர் ஓவியம் வரைந்து தருமாறு ஃபிலிப் ஜூலியன் என்ற இளம் ஓவியரை பாரன் கேட்டார். நடுவில் வெற்றியைக் குறிக்கும் ஆங்கில ‘வி’ எழுத்து, சுற்றிலும் இலைகளும் கொடிகளும், ஓரமாக ‘வெற்றியின் ஆண்டு’ என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம். கீழே பாட்டிலின் எண்ணும் உரிமையாளரின் கையெழுத்தும். ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தக் காகிதத்தில் ஒரு நாட்டின் மூச்சுத் திரும்பியதும், ஓர் உரிமையாளரின் வீட்டில் ஆள் குறைந்ததும் ஒரே தேதியாக நிற்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு அது வெறும் வணிகச் சின்னமாகத் தோன்றியதில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டின் லேபிளையும் ஓர் ஓவியர் வரைவது வழக்கமாயிற்று. 1955இல் ஜார்ஜ் பிராக், 1958இல் சல்வதோர் தாலி, 1964இல் ஹென்றி மூர், 1969இல் மிரோ, 1970இல் ஷகால் என்று வரிசை நீண்டது. ஊதியம் பணமாகத் தரப்படுவதில்லை. ஒயின் பெட்டிகளாகத் தரப்படும். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் செந்நிற ஓவியம் 2009இன் பாட்டிலில் இருக்கிறது. லேபிளில் ஓவியம் போட்டால் ஒயின் சுவை கூடுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே, கூடாது. ஆனால் சேகரிப்பவர் ஒருவர் சாதாரண ஆண்டின் மூதோனையும் வரிசை விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வாங்குவார். மோசமான ஆண்டுகளில் போர்தோவின் மற்றத் தோட்டங்களின் விலை சரியும்போது மூதோனின் விலைக்கு இது ஒரு தாங்குகட்டை. விலையை வைத்துத் தரம் எழுதப்பட்ட ஊரில், இது சிறிய விஷயமல்ல.

1962இல் பழைய பீப்பாய்க் கூடம் ஒன்றில் கலையில் ஒயின் என்ற பொருளில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கான பொருள்களைத் தேடிச் சேர்த்ததில் பாரனின் இரண்டாம் மனைவி, அமெரிக்கரான பாலீனுக்குப் பெரும் பங்கு உண்டு. பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோ வந்து திறந்துவைத்தார். இரண்டாம் தரத் தோட்டம் ஒன்றுக்கு அமைச்சர் வந்து போவது, அந்தத் தரத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குப் பொருத்தமில்லாததாக ஆக்கியது.

ஆணைக்கான பாதை

‘முதல்வன் ஆக இயலாது, இரண்டாமவன் ஆக இசையேன், மூதோன் நான்’ என்பது இந்தக் காலம் முழுவதும் தோட்டத்தின் வாசகமாக இருந்தது. பிரெஞ்சுப் பிரபுக் குடும்பமான ரோஹானின் பழைய குல வாசகத்தை ஒட்டி அமைந்தது அது. தரவரிசையை ஏற்கவும் இல்லை, மீறவும் இல்லை என்ற நிலையை அந்த மூன்று துண்டுகள் கச்சிதமாகச் சொல்லின.

மீறும் வழியைத் தேடுவதில் பாரன் பல பத்தாண்டுகள் செலவிட்டார். முதல் தடை, பட்டியலைத் திருத்த ஒரு விதிமுறையே இல்லை என்பது. கண்காட்சிக்காகத் தரகர்கள் எழுதிய பட்டியலுக்கு மறுஆய்வுக் குழு ஏது? 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் முழுப் பட்டியலையும் புதிதாக வகுக்க ஒரு முயற்சி நடந்தது. பல தோட்டங்கள் பட்டியலை விட்டே நீங்கும் நிலை வரும் என்று தெரிந்ததும் எழுந்த எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. மேலே ஏறப்போகும் ஒருவருக்காகப் பட்டியலைத் திறந்தால், கீழே விழப்போகும் பத்துப் பேர் வாசலை மறிப்பார்கள் என்பது அப்போது தெளிவாயிற்று.

இரண்டாம் தடை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. லஃபீத்தை நடத்திவந்த எலி டி ரோத்ஷில்ட், உறவினரின் உயர்வை நெடுங்காலம் எதிர்த்தார். இரு தோட்டங்களுக்கும் இடையே போட்டி வெளிப்படையாக நடந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் புதிய ஒயினின் விலையை அறிவிக்கும்போது, மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்து, அதைத் தாண்டி ஒரு விலை சொல்வது வாடிக்கையாயிற்று. இந்தப் போட்டியைக் குடும்பச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். லஃபீத்தின் விலையை ஒட்டியோ தாண்டியோ மூதோன் விற்கும் ஒவ்வோர் ஆண்டும், 1855இன் தரகர்கள் பயன்படுத்திய அதே அளவுகோலில் மூதோன் முதல் தரம் என்பதற்கு ஓர் ஆண்டுச் சான்று கூடிக்கொண்டே போனது.

மூன்றாவதாக, அரசியல் செல்வாக்குப் பற்றிய குற்றச்சாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அப்போதைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் பொம்பிது, அரசியலுக்கு வருமுன் ரோத்ஷில்ட் வங்கியில் உயர் பதவி வகித்தவர். இதைச் சுட்டி, குடும்பத்துக்கு அவர் செய்த கைம்மாறு இது என்பார்கள். ஆனால் அந்த வங்கி ஃபிலிப்பின் கிளையைச் சேர்ந்ததல்ல. எலி உள்ளிட்ட பாரிஸ் கிளையினருடையது, அதாவது லஃபீத்தின் உரிமையாளர்களுடையது. அந்தத் தொடர்பு வேலை செய்திருந்தால் மூதோனுக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கும். பாரன் பாரிசில் கதவுகளைத் தட்டினார் என்பதில் ஐயமில்லை. தட்டிய எல்லாக் கதவும் அவருக்காகவே கட்டப்பட்டவை என்பது சரியல்ல.

கடைசியில் கிடைத்த வழி, பட்டியலைத் தரம் தரமாகப் பிரித்துத் திறப்பது. முதல் தரத்துக்கு மட்டும் முதலில் மறுதேர்வு. அதில் பழைய நால்வரும் தத்தம் இடத்தில் இருப்பார்கள். புதிதாக ஒருவர் சேரலாம். மற்றத் தரங்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். எவரும் இறங்காத ஏற்பாடு என்பதால் எதிர்ப்பவர் எண்ணிக்கை குறைந்தது. அந்த வழியில் வந்ததுதான் ஜூன் 21 ஆணை. அதன் வாசகத்தில் ஐந்து பெயர்களும் விலை வரிசையில் இல்லை. அகரவரிசையில் லஃபீத், லத்தூர், மார்கோ, மூதோன் என்று வந்து, மெதோக்குக்கு வெளியே இருப்பதால் ஓ-பிரியோன் தனியே கடைசியில் சேர்க்கப்பட்டது. தரகர்களின் காகிதத்தில் விலைக்கேற்ப யார் முன், யார் பின் என்று இருந்தது. அமைச்சரின் காகிதத்தில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்துப் பார்க்கலாம் என்ற மற்றத் தரங்களின் முறை வரவே இல்லை.

தோட்டத்தின் வாசகம் மாறியது: ‘முதல்வன் ஆனேன், இரண்டாமவனாய் இருந்தேன், மூதோன் மாறுவதில்லை.’ 1973இன் லேபிளுக்கு, அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்த பிக்காசோவின் நினைவாக, தோட்டத்தின் அருங்காட்சியகத்தில் இருந்த அவரது நீர்வண்ண ஓவியம் ஒன்று இடம்பெற்றது.

ஆணைக்குப் பின்

உயர்வு வந்த நேரம் நல்ல நேரமல்ல. 1972இன் ஒயின் தரத்தில் தாழ்ந்தும் விலையில் உச்சத்திலும் இருந்தது. 1973 அறுவடை அளவில் பெருத்து, அடர்த்தியில் மெலிந்திருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் வந்த எண்ணெய் நெருக்கடியோடு போர்தோவின் சந்தையே குப்புற விழுந்தது. முதல் தரம் என்று மூதோன் பெருமையோடு அறிவித்த முதல் அறுவடையின் ஒயின், ஓவியத்துக்காகவே பெரிதும் தேடப்பட்டது. இதை ஆணைக்கு எதிரான வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் மற்ற நால்வரும் இதே மழையில்தான் நனைந்தார்கள்.

வலுவான சோதனை 1976 மே 24 அன்று பாரிசில் வந்தது. ஆங்கில ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்கள் எந்தப் பாட்டில் எது என்று அறியாமல் மதிப்பெண் இட்டார்கள். சிவப்பு ஒயின்களில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. மூதோன் 1970 இரண்டாம் இடம். அதே ஆண்டின் போர்தோ ஒயின்களான மோன்ரோசும் ஓ-பிரியோனும் அடுத்தடுத்து. போர்தோவில் பலர் இதை அவமானமாக எண்ணினார்கள். பாரனோ கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், அங்கத்திய ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து, 1979 அறுவடையிலிருந்து ஓபஸ் ஒன் என்ற ஒயினை உருவாக்கினார். முதல் தரம் பெற்று ஆறே ஆண்டுகளில், தரவரிசையே இல்லாத மண்ணில் தம் பெயரைப் பதித்த அந்தத் துணிவுக்கு நிகராக மற்ற நால்வரிடம் அந்நாளில் எதுவும் இல்லை. 1988இல் அவர் மறைந்தபின், நாடக நடிகையாக இருந்த ஃபிலிப்பீன் பொறுப்பேற்று 2014இல் மறையும்வரை நடத்தினார். இன்று அவரது பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இனி வழக்கின் தீர்ப்புக்கு வரலாம். 1855இன் அளவுகோல் விலை என்றால், 1973க்குள் மூதோன் அந்த அளவை எட்டியிருந்தது. ஆகவே உயர்வு முறையானது. அந்த விலையைத் தந்தது மண் மட்டுமல்ல. பாட்டிலில் அடைக்கும் உரிமையை வணிகரிடமிருந்து மீட்டது, மோசமான ஆண்டின் ஒயினைத் தலைமைப் பெயரிலிருந்து விலக்கியது, லேபிளையும் கூடத்தையும் அருங்காட்சியகத்தையும் கொண்டு வாங்குபவரின் மனத்தில் இடம்பிடித்தது ஆகிய மூன்றும் சேர்ந்த பலன் அது. இவற்றில் முதலாவதுதான் நிலைத்த கொடை என்று நான் எடைபோடுகிறேன். இன்று மெதோக்கின் தரவரிசைத் தோட்டங்கள் எல்லாமே தம் ஒயினைத் தாமே அடைக்கின்றன.

முறையற்றது என்று நான் கருதுவது, அதே அளவுகோல் மற்ற எவருக்கும் பயன்படுத்தப்படாமல் கதவு மூடப்பட்டதைத்தான். இரண்டாம் தரத்தில் லெயோவில் லாஸ் காஸ், மூன்றாம் தரத்தில் பால்மெர், ஐந்தாம் தரத்தில் லின்ச்-பாழ் ஆகியவை தத்தம் தரத்தின் விலையை எப்போதோ தாண்டிவிட்டன. பட்டியலில் உள்ள பெயர், நிலத்துக்கு இல்லாமல் தோட்டத்துக்கு உரியது என்பதால், 1855க்குப் பின் வாங்கிச் சேர்த்த கொடிகளும், விற்றுக் கழித்த கொடிகளும் தரத்தைத் தொடுவதே இல்லை. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு அப்பால், போர்தோவின் மற்றோர் ஒயின் பகுதியான செந்தெமிலியோனில் 1955இல் தொடங்கிய தரவரிசையைப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். 2006இன் திருத்தம் நீதிமன்றத்தில் ரத்தானது. 2012இன் திருத்தமும் வழக்குகளில் சிக்கியது. 2021இல் உச்சித் தரத்திலிருந்த ஷெவால் பிளானும் ஓசோனும், அடுத்த ஆண்டு ஆஞ்செலுசும் பட்டியலே வேண்டாம் என்று விலகிக்கொண்டன. மெதோக்கின் தோட்டக்காரர்கள் இதைக் காட்டித்தான் பழைய பட்டியலை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல.

இதற்கிடையே தரகர்களின் பழைய முறையை வேறொருவர் கையிலெடுத்தார்கள். லண்டனில் இயங்கும் லிவ்-எக்ஸ் ஒயின் சந்தை, 2009இல் விலையை மட்டும் கொண்டு மெதோக்கின் தோட்டங்களையும் கிராவின் சில தோட்டங்களையும் புதிதாக ஐந்து தரங்களாக வகுத்தது; அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தும் வருகிறது. முதல் முறை வகுத்தபோது முதல் தரத்தில் ஐவரும் இருந்தார்கள், மூதோன் உட்பட. அவர்களோடு ஆறாவதாக, 1855இன் பட்டியலில் எந்தத் தரத்திலும் இடம்பெறாத லா மிசியோன் ஓ-பிரியோன் சேர்ந்தது. அந்தப் பெயரை முதல் தரத்தில் எழுத எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஆனால் அதன் லேபிளில் அந்தத் தரத்தை அச்சிடச் சட்டம் இன்றும் இடம்தரவில்லை.